ப்ளீப்: அமெரிக்க ராணுவக் கல்லூரிகளில் முதலாம் ஆண்டு மாணவருக்கு இந்தப் பெயர் ஏன்?

ஒவ்வொரு மே மாதமும் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்திலிருந்து ஒரு படம் செய்திகளில் வரும். கொழுப்பு பூசிய 21 அடி உயரக் கல்தூணில், நம்மூர்த் திருவிழாவில் வழுக்கு மரம் ஏறுவது போல, நூற்றுக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிச் சறுக்கிக்கொண்டிருப்பார்கள். படத்துக்குக் கீழே ‘ப்ளீப்கள்’ என்ற சொல் இருக்கும்.

அதே சொல் துயரமான செய்திகளிலும் வருகிறது. 2019 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் ராணுவக் கல்லூரியில் சீனியர்களின் கொடுமையால் ஒரு மாணவர் இறந்தபோது, சில செய்திகள் அவரை ‘ப்ளீப்’ என்றன, சில ‘நான்காம் வகுப்பு கேடட்’ என்றன. இரண்டும் ஒன்றுதான். ஆனால் நான்காம் வகுப்பு என்று படிக்கிற நமக்கு ஒன்று பள்ளிச் சிறுவன் நினைவுக்கு வருவான், இல்லையென்றால் நான்காம் ஆண்டு மாணவர் என்று தோன்றும். இறந்தவர் முதலாம் ஆண்டு மாணவர்.

குழப்பம் சொல்லோடு நிற்பதில்லை. ப்ளீப் என்பவர் யார், அவர் மேல் யாருக்கு என்ன அதிகாரம் என்று தெரியாவிட்டால், செய்தியில் வருவது பயிற்சியா கொடுமையா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

சொல்லின் வேர்

‘ப்ளீபியன்’ என்பதைச் சுருக்கி வந்தது ப்ளீப். அதற்கு மூலம் லத்தீனின் ‘ப்ளெப்ஸ்’. பண்டைய ரோமில் சுதந்திரக் குடிமக்கள் இரண்டு பிரிவாக இருந்தார்கள்: பழைய உயர்குடிகளான பெட்ரீஷியன்கள், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்த ப்ளெப்ஸ். ப்ளெப்ஸ் அடிமைகள் அல்லர். வரி கட்டினார்கள், போருக்குப் போனார்கள், ஆனால் பதவிகள் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தன. ரோமானிய மரபுப்படி கி.மு. 494இல் அவர்கள் படையில் சேர மறுத்து நகரத்தை விட்டே வெளியேறினார்கள். அதன் பிறகுதான் அவர்களுக்கென்று ‘ட்ரிப்யூன்’ என்ற காவல் பதவி கிடைத்தது. கி.மு. 445இல் உயர்குடிகளோடு மணம் செய்துகொள்ளும் உரிமை. கி.மு. 287இல் அவர்களுடைய மன்றத்தின் தீர்மானம் ரோம் முழுவதையும் கட்டுப்படுத்தும் என்ற சட்டம். அந்தத் தீர்மானத்தின் பெயரிலிருந்து வந்ததுதான் பொதுவாக்கெடுப்பைக் குறிக்கும் ‘ப்ளெபிசைட்’.

உரிமை குறைந்தவர், ஆனால் வெளியாள் அல்லர். படிப்படியாக மேலே வரக்கூடியவர். 1802இல் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் தொடங்கிய வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் புதிய மாணவருக்கு இது அப்படியே பொருந்தியது. 1830களிலேயே ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் சொல் பதிவாகிவிட்டது. 1845இல் தொடங்கிய அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியிலும் அதே சொல் வேரூன்றியது.

பிரிட்டனில் வசைச் சொல்லாகப் புழங்கும் ‘ப்ளெப்’ இதன் உடன்பிறப்பு. 2012இல் லண்டனில் பிரதமர் இல்ல வாசலில் நின்ற போலீஸாரை ஆளும் கட்சிக் கொறடா ஆண்ட்ரூ மிச்செல் அந்தச் சொல்லால் திட்டினார் என்ற குற்றச்சாட்டு அவருடைய பதவியைப் பறித்தது. அமெரிக்கக் கல்லூரியில் ப்ளீப் என்பது வசை அல்ல. கடற்படைக் கல்லூரி தன் அதிகாரபூர்வ அறிவிப்புகளிலேயே ‘ப்ளீப் சம்மர்’ என்றுதான் எழுதுகிறது. 1976 முதல் இந்தக் கல்லூரிகளில் சேர்ந்த பெண்களுக்கும் அதே பெயர்தான்.

தலைகீழாக ஓடும் எண்கள்

அமெரிக்க ராணுவக் கல்லூரிகள் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக் கல்லூரிகள். வெஸ்ட் பாயின்டிலும் அன்னாபொலிஸிலும் ஆண்டுக்குச் சுமார் 1,200 பேர் சேர்கிறார்கள். அங்கே வகுப்பு எண் மேலிருந்து கீழே எண்ணப்படுகிறது.

1. முதலாம் ஆண்டு மாணவர் நான்காம் வகுப்பு. இவர்தான் ப்ளீப்.
2. இரண்டாம் ஆண்டு மாணவர் மூன்றாம் வகுப்பு. வெஸ்ட் பாயின்டில் இவர் ‘யர்லிங்’, அதாவது ஒரு வயதுக் குட்டி. அன்னாபொலிஸில் ‘யங்ஸ்டர்’.
3. மூன்றாம் ஆண்டு மாணவர் இரண்டாம் வகுப்பு. வெஸ்ட் பாயின்டில் இவருக்குப் பெயர் ‘கவ்’, பசு. அந்தக் காலத்தில் இரண்டு ஆண்டு முடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போக நீண்ட விடுமுறை கிடைக்கும். போனவர்கள் திரும்பி வருவதை, மாடுகள் கொட்டிலுக்குத் திரும்புவதைச் சொல்லும் ஆங்கில வழக்கோடு சேர்த்துச் சொல்லிச் சொல்லிப் பெயர் நிலைத்துவிட்டது.
4. இறுதியாண்டு மாணவர் முதல் வகுப்பு. செல்லமாக ‘ஃபர்ஸ்டி’.

ஆக, ‘முதல் வகுப்பு கேடட்’ என்று வந்தால் அவர் புதியவர் அல்லர், அந்த வளாகத்திலேயே மூத்தவர்.

இந்த வரிசை அதிகார வரிசையும்தான். வெஸ்ட் பாயின்டில் ப்ளீப்புக்குச் சாதாரணச் சிப்பாயின் நிலை. யர்லிங் கார்ப்பரல், ஓரிரு ப்ளீப்களுக்குப் பொறுப்பாளர். கவ் சார்ஜன்ட். ஃபர்ஸ்டிகள் அதிகாரிகளாக இருந்து மாணவர் படையை நடத்துகிறார்கள். சீனியர் சொன்னதை ஜூனியர் செய்வது அங்கே வழக்கம் மட்டும் அல்ல, கட்டளை. சாதாரணக் கல்லூரி ராகிங்கிலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான். 1996இல் சிதம்பரத்தில் நடந்த மருத்துவ மாணவர் கொலையைத் தொடர்ந்து 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தபோது கோடு போடுவது ஒப்பீட்டளவில் எளிது. ஏனென்றால் நம் கல்லூரிகளில் சீனியருக்கு ஜூனியர் மேல் எந்த அதிகாரமும் கிடையாது. ராணுவக் கல்லூரியில் அதிகாரம் உண்டு. அது எங்கே முடிகிறது என்பதில்தான் இரண்டு நூற்றாண்டுச் சண்டையே.

ப்ளீப் ஆகும் நாள், ப்ளீப் இல்லாமல் போகும் நாள்

வெஸ்ட் பாயின்டில் கோடையின் தொடக்கத்தில் வரவேற்பு நாள். பெற்றோரிடம் விடைபெற இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. முடிவெட்டு, சீருடை, தடுப்பூசி எல்லாம் அன்றைக்கே. அப்புறம் சிவப்பு இடைக்கச்சை கட்டிய ஒரு சீனியர் முன்னால் போய் நிற்க வேண்டும். தரையில் ஒரு கோடு இருக்கும். அதன் மேல் நிற்கக் கூடாது, தாண்டக் கூடாது, பின்னால் தள்ளியும் நிற்கக் கூடாது, சரியாகக் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். நின்று, முதல் முறையாக ஆஜராவதை ஒரே மூச்சில் வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டும். பிசகினால் மறுபடியும் வரிசையின் கடைசிக்கு.

அன்று முதல் சொந்தமாகப் பேச அவருக்கு நான்கே பதில்கள்: ‘ஆமாம், சார்’, ‘இல்லை, சார்’, ‘சாக்கு எதுவும் இல்லை, சார்’, ‘எனக்குப் புரியவில்லை, சார்’. சீனியர் பெண் என்றால் சாருக்குப் பதில் மேடம். மூன்றாவது பதிலைக் கவனிக்க வேண்டும். ஷூ ஏன் அழுக்காக இருக்கிறது என்று கேட்டால் மழையைக் காரணம் சொல்ல முடியாது. நாளைக்கு முப்பது பேருக்குப் பொறுப்பேற்கப் போகிறவர், முதலில் தன் ஷூவுக்குப் பொறுப்பேற்கட்டும் என்பது அதன் கணக்கு.

ஆறு வாரத்துக்கு மேல் ஓடும் இந்தக் கோடைப் பயிற்சிக்கு ‘பீஸ்ட் பாரக்ஸ்’ என்று பெயர். அதுவரை அவர் ‘நியூ கேடட்’ மட்டுமே. ஆகஸ்டில் நடக்கும் ஏற்பு விழாவில் மாணவர் படையில் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிறகுதான் ப்ளீப். அன்னாபொலிஸில் கணக்கு வேறு. அங்கே சேர்ந்த நாளிலிருந்தே ப்ளீப். சுமார் ஏழு வாரக் கோடைப் பயிற்சிக்குத்தான் ப்ளீப் சம்மர் என்று பெயர்.

கல்வியாண்டு தொடங்கியதும் பாடங்களோடு வேலைகளும் சேர்ந்துகொள்ளும். அணிவகுப்புக்கு இன்னும் எத்தனை நிமிடம், இன்று எந்தச் சீருடை என்பதை வராந்தாவில் நின்று உரக்கக் கூவுவது ப்ளீப்பின் வேலை. சலவைத் துணி கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். சாப்பாட்டுக்கூடத்தில் பத்துப் பேர் உட்காரும் மேசையில் பானங்களை ஊற்றுவார், கேக்கை எல்லாருக்கும் இம்மி பிசகாமல் சமமாக வெட்டிக் கொடுப்பார்.

மனப்பாடம் தனிச் சுமை. வெஸ்ட் பாயின்டில் ‘பியூகிள் நோட்ஸ்’, அன்னாபொலிஸில் ‘ரீஃப் பாயின்ட்ஸ்’ என்று கைக்கு அடக்கமான புத்தகங்கள் உண்டு. வளாகத்தில் உள்ள லஸ்க் நீர்த்தேக்கத்தில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால், பல தலைமுறை ப்ளீப்கள் ‘7.8 கோடி கேலன், சார், கலிங்கில் தண்ணீர் வழியும்போது’ என்று ஒப்பித்தார்கள். பசு எப்படி இருக்கிறது என்று கேட்டால், அது நடக்கிறது, பேசுகிறது என்று தொடங்கும் நீளமான ஒரு வேடிக்கைப் பதில் உண்டு. உண்மையில் அது மேசையில் இன்னும் எத்தனை டம்ளர் பால் மிச்சம் என்று கேட்கும் கேள்வி.

வெஸ்ட் பாயின்டில் ஆண்டு இறுதியில் ‘ரெகக்னிஷன்’ வருகிறது. அதுவரை சார் என்றும் மேடம் என்றும் மட்டுமே அழைக்கப்பட்ட சீனியர்கள் ப்ளீப்பிடம் கை நீட்டித் தங்கள் முதல் பெயரைச் சொல்வார்கள். அந்தக் கைகுலுக்கலோடு ப்ளீப்புக்கு உரிய கட்டுப்பாடுகள் முடிகின்றன. அன்னாபொலிஸில் முடிவு அந்தக் கல்தூண். 1857இல் புயலில் மூழ்கிய கப்பலோடு தானும் மூழ்கிய கேப்டன் வில்லியம் ஹெர்ன்டனின் நினைவுத் தூண் அது. அதன் உச்சியில் இருக்கும் ப்ளீப்பின் வெள்ளைத் தொப்பியை எடுத்துவிட்டு, மேல்வகுப்பு மாணவரின் தொப்பியை வைக்க வேண்டும். முதலில் வைப்பவர்தான் அந்த வகுப்பின் முதல் அட்மிரல் ஆவார் என்று ஒரு நம்பிக்கை. கொழுப்பு பூசாத 1969இல் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். 1995இல் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தொப்பி மாறிய நொடியில் கூட்டம் முழுவதும் ‘இனி ப்ளீப் இல்லை’ என்று முழங்கும்.

இத்தனையும் எதற்கு?

கல்லூரிகள் சொல்லும் நியாயங்களில் சில வலுவானவை.

1. கட்டளையிடப் போகிறவர் முதலில் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பார்த்திருக்க வேண்டும். தன் கீழே இருப்பவனின் களைப்பு அவருக்கு உடம்பால் தெரிந்திருக்கும்.

2. அழுத்தத்தில் நினைவு தடுமாறாமல் இருக்கப் பழக வேண்டும். நீர்த்தேக்கத்தின் கொள்ளளவால் யாருக்கும் பயனில்லை. ஆனால் யாரோ முகத்துக்கு நேரே கத்தும்போது ஒரு எண்ணைச் சரியாகச் சொல்லும் பழக்கம், வானொலியில் ஆள்கூறுகளைச் சொல்லும் நாளில் உதவும்.

3. எல்லாரும் ஒரே தரையில் தொடங்க வேண்டும். செனட்டரின் மகனும் பண்ணைத் தொழிலாளியின் மகளும் ஒரே தலைமுடி, ஒரே சீருடை, ஒரே நான்கு பதில்கள்.

இவற்றைவிட முக்கியமாக ஒன்று உண்டு, செய்திகளில் அது அதிகம் வருவதில்லை. ப்ளீப் எப்போது வேண்டுமானாலும் விலகிப் போகலாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் விலகுபவருக்குப் பொதுவாகச் சேவைக் கடமை கிடையாது. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது உறுதிமொழி எடுத்த பிறகுதான் கடமை கட்டுப்படுத்தும். பட்டம் பெற்றவருக்கு அது ஐந்து ஆண்டு நேரடிப் பணி. கட்டணமில்லாத படிப்பும் சிறு மாதச் சம்பளமும் கொடுத்து, தனக்கு இது ஒத்துவருமா என்று இளைஞர் பார்க்கவும், இவர் ஒத்துவருவாரா என்று படை பார்க்கவும் விட்டிருக்கும் காலம் அது. விலகுவது தோல்வி என்று வீட்டில் யாரும் நினைக்க வேண்டியதில்லை. அமைப்பே அதற்கு இடம் வைத்திருக்கிறது.

கோடு தாண்டிய வரலாறு

இந்த நியாயங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஆபத்து இருக்கிறது. உரிமை குறைந்தவர் என்று ஒருவருக்குப் பெயர் வைத்து, அவரைவிட ஒரே ஒரு வயது மூத்த பத்தொன்பது வயதுப் பையனிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இது வெகு சீக்கிரமே தெரிந்துவிட்டது. அன்னாபொலிஸில் புதியவர்களைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிராக 1874லேயே சட்டம் போட்டது.

வெஸ்ட் பாயின்டில் விவகாரம் 1900இல் வெடித்தது. ஆஸ்கர் பூஸ் என்ற முன்னாள் ப்ளீப் காசநோயால் இறந்தார். கல்லூரியில் சீனியர்கள் அவரை மிளகாய் சாஸைக் குடிக்க வைத்ததுதான் தொண்டையைப் புண்ணாக்கியது என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். நாடாளுமன்ற விசாரணை நடந்தது. சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற தளபதியான டக்ளஸ் மக்ஆர்தர். 1899இல் ப்ளீப்பாகச் சேர்ந்த அவரை, கீழே விழும் வரை சீனியர்கள் உட்கார்ந்தெழ வைத்திருந்தார்கள். 1901இல் வெஸ்ட் பாயின்டுக்கும் தடைச் சட்டம் வந்தது. முதல் உலகப் போர் முடிந்து 1919இல் அதே மக்ஆர்தர் கல்லூரியின் தலைவராகத் திரும்பி வந்தபோது, பீஸ்ட் பாரக்ஸைச் சீனியர்களின் கையிலிருந்து எடுத்து அதிகாரிகளிடம் கொடுத்தார். அவர் போன பிறகு பழைய வழக்கம் மெல்லத் திரும்பியது. சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசன்ஹோவர் சொன்ன ஒரு சம்பவம் இந்த இடத்தில் பொருந்தும். 1911இல் வெஸ்ட் பாயின்டில் சேர்ந்த அவர் யர்லிங்காக இருந்தபோது, ஓடி வந்த ஒரு ப்ளீப் அவர் மேல் மோதி விழுந்தார். ப்ளீப்களின் முந்தைய தொழிலைக் கேட்க அங்கே ஒரு வழக்கு இருந்தது: ‘உன் முந்தைய அடிமை நிலை என்ன?’ உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை தந்த அரசியல் சட்டத் திருத்தத்தில் உள்ள தொடர் அது. ஐசன்ஹோவர் அப்படிக் கேட்டுவிட்டு, பார்த்தால் முடிதிருத்துபவன் போல இருக்கிறாய் என்று கேலியாகச் சேர்த்தார். அந்த ப்ளீப் மெல்லிய குரலில் பதில் சொன்னார்: ‘முடிதிருத்துபவனாகத்தான் இருந்தேன், சார்.’ உழைத்துப் பிழைத்த ஒருவனை அந்த உழைப்புக்காகவே வெட்கப்பட வைத்துவிட்டோமே என்று ஐசன்ஹோவர் குன்றிப்போனார். அதன் பிறகு எந்த ப்ளீப்பையும் அவர் வாட்டவில்லை. விதி எதையும் மீறாத ஒரு கேள்விதான் அது. எல்லாரையும் ஒரே தரையில் நிறுத்துவதாகச் சொல்லும் வழக்கத்துக்குள்ளேயே பழைய மேல்கீழ் எப்படி ஒளிந்திருக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

அந்த மேல்கீழ் கறுப்பின மாணவர்களிடம் இன்னும் கொடூரமாக வெளிப்பட்டது. 1932இல் சேர்ந்த பெஞ்சமின் டேவிஸ் ஜூனியருடன் யாரும் அறையைப் பகிரவில்லை. கடமை நிமித்தம் தவிர யாரும் பேசவில்லை. மற்றவர்களுக்கு ஓராண்டில் முடிந்த தாழ்நிலை அவருக்கு நான்கு ஆண்டும் நீடித்தது. 1936இல் பட்டம் பெற்று, பின்னாளில் அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பின ஜெனரல் ஆனார்.

பழைய ‘நான்காம் வகுப்பு முறை’யை வெஸ்ட் பாயின்ட் 1990இல் கைவிட்டது. புதிய முறையில் ஒவ்வொரு ஆண்டு மாணவருக்கும் தனித்தனியாக வளர்ச்சிப் பொறுப்புகள் உண்டு. ப்ளீப் தேறாவிட்டால் அவருடைய யர்லிங்கையும் கேட்பார்கள். சரியான திருப்பம் இது. அதுவரை கேள்விகள் எல்லாம் கீழ்நோக்கியே போய்க்கொண்டிருந்தன.

மற்ற இடங்களில்

எல்லாக் கல்லூரியிலும் இதே சொல் இல்லை. வர்ஜீனியா ராணுவக் கழகத்தில் புதியவர் ‘ரேட்’, அதாவது எலி. ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் வாழ்நாள் முழுக்க ஒருவரையொருவர் ‘பிரதர் ரேட்’ என்று பெருமையோடு அழைத்துக்கொள்கிறார்கள். தென் கரோலைனாவின் சிட்டடல் கல்லூரியில், மொட்டைத் தலை கதவுக் குமிழ் போல இருப்பதால் ‘நாப்’. கடலோரக் காவல்படைக் கல்லூரியில் ‘ஸ்வாப்’, தரை துடைக்கும் துடைப்பம். விமானப்படைக் கல்லூரியில் ‘டூலி’. அது அடிமை என்ற பொருள் கொண்ட ‘டூலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இவற்றோடு ஒப்பிட்டால் ப்ளீப் மென்மையான சொல்தான்.

இந்தியாவில் இதற்கு நேரான சொல் இல்லாததற்குக் காரணம் உண்டு. கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியின் படிப்பு மூன்று ஆண்டு, ஆறு பருவம். சீனியாரிட்டி ஆறு மாதக் கணக்கில் ஓடுவதால் ‘முதல் பருவ கேடட்’ என்றுதான் சொல்வார்கள்.

பிலிப்பைன்ஸ் கல்லூரி வெஸ்ட் பாயின்டைப் பார்த்து அமைந்தது. பகியோ நகரில் இருக்கும் அங்கே ப்ளீப், யர்லிங், கவ், பீஸ்ட் பாரக்ஸ், ரெகக்னிஷன் எல்லாம் அப்படியே புழங்குகின்றன. ராகிங்குக்கு எதிரான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்த நாடு 2018இல் இன்னும் கடுமையாக்கியது. அடுத்த ஆண்டே அந்த ப்ளீப் இறந்தார். கல்லூரித் தலைவர் பதவி விலகினார்.

தமிழில் எழுதும்போது

முதல் முறை வரும் இடத்தில் ‘முதலாம் ஆண்டு கேடட்’ என்று எழுதிவிட்டு, பிறகு ப்ளீப் என்று தொடர்வதே நல்லது. வகுப்பு எண்ணை அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம், ஆண்டாக மாற்றி எழுத வேண்டும். அன்னாபொலிஸ் செய்தி என்றால் கேடட் என்பதும் தவறு. அங்கே ஆணோ பெண்ணோ எல்லாருமே ‘மிட்ஷிப்மேன்’.